‘அவர்’ அம்மாவாகும் தூரம்

ஒரு செருப்புக் கடை. பதின்பருவத்து மகன் ஒருவன், தேய்ந்துபோன காலணியுடன் நிற்கும் ஒரு பெண்ணை அங்கே அழைத்து வந்திருக்கிறான். அவள் நிறமும் பேச்சும் அந்த ஊருக்குப் புதியவை. கடைக்காரருக்கு ஆவல் தாங்கவில்லை. இவர் உனக்கு என்ன உறவு என்று கேட்கிறார். பையன் சிறிது தயங்கிவிட்டு, "அம்மா" என்கிறான். அந்தப் பெண்ணை அவன் அவ்வாறு குறிப்பிட அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

2011 அக்டோபரில் தென்கொரியாவில் வெளியான ‘வான்டுகி’ திரைப்படத்தின் காட்சி இது. ‘பஞ்ச்’ என்ற ஆங்கிலப் பெயரில் உலகின் பிற பகுதிகளுக்குச் சென்றது. கிம் ரியோரியோங் 2008-இல் எழுதிய நாவலைத் தழுவி லீ ஹான் இயக்கிய படம். ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்குக்குச் சென்று அதைப் பார்த்தார்கள். சண்டைக் காட்சிகளுக்காகவோ காதலுக்காகவோ வந்த கூட்டம் அல்ல அது. ஏழைப் பையன், கூனல் முதுகுள்ள தந்தை, பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய், வாய்த்துடுக்கு நிறைந்த ஓர் ஆசிரியர் ஆகியோரின் கதைக்கு வந்த கூட்டம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். திரைப்பட விமர்சனம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனால், வகுப்பறையில் நான் வரைந்த வரைபடங்களில் இடம்பெறாத ஏதோ ஒன்றை இந்தப் படம் எனக்குக் காட்டியது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாடியில் ஒரு வீடு

வான்டுக், உயர்நிலைப் பள்ளி மாணவன். நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், மொட்டை மாடியில் கட்டப்பட்ட சிறு அறையில் தந்தையுடன் வாழ்கிறான். கேளிக்கை விடுதியில் நடனமாடிப் பிழைத்தவர் தந்தை. அந்த விடுதி மூடப்பட்டதும் ஊர் ஊராகச் சந்தைகளுக்குச் சென்று பொருள் விற்கிறார். துணைக்கு, மூளை வளர்ச்சி சற்றுக் குறைந்த இளைஞர் ஒருவர். அவர் இரத்த உறவு அல்லர். ஆனாலும் பையனுக்குச் சித்தப்பாதான். தந்தையை யாராவது கேலி செய்தால் வான்டுக்கின் கை முந்திக்கொள்ளும். படிப்பில் கடைசி, சண்டையில் முதல்.

பக்கத்து மாடியில் குடியிருக்கிறார் வகுப்பாசிரியர் டோங்-ஜு. பையனுக்கு அரசு நலத்திட்டத்தில் வரும் சோற்றுப் பொட்டலங்களைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூசாமல் கேட்டு வாங்கித் தின்கிறவர். இந்த ஆசிரியரைக் கொன்றுவிடும்படி தேவாலயத்தில் போய்க் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறான் வான்டுக். அந்த ஆசிரியர்தான் ஒருநாள் அவனிடம் சொல்கிறார்: உன் தாய் உயிருடன் இருக்கிறார், அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், உன்னைப் பார்க்க விரும்புகிறார்.

குடும்பத்தைத் தேடும் கதைகளில் வழக்கமாகப் பிள்ளை தாயைத் தேடிப் புறப்படும். இங்கே பிள்ளைக்குத் தேட வேண்டும் என்றே தெரியாது. தாய் இல்லை என்பதை அவன் வாழ்வின் இயல்பாக ஏற்றுக்கொண்டு வளர்ந்துவிட்டான். தேடி வருபவர் தாய். அவரும் கதவைத் தட்டி உரிமை கொண்டாடவில்லை. வந்து நிற்கிறார், அவனிடம் மரியாதைச் சொற்களில் பேசுகிறார். கொரிய மொழியிலும், தமிழில் இருப்பதைப்போல, நெருக்கப் பேச்சுக்கும் மரியாதைப் பேச்சுக்கும் இடையே பெரிய சுவர் உண்டு. பெற்ற மகனிடம் ‘நீங்கள்’ என்று பேசும் தாயின் நிலையைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மகனும் நாவலில் அவரை ‘அவர்’ என்றே நினைத்துக்கொள்கிறான். மரியாதை சில வேளைகளில் தொலைவின் அளவுகோல். ‘அவர்’ என்பதிலிருந்து ‘அம்மா’ என்பதற்கு ஒரு பையன் நடக்கும் தூரம்தான் இந்தப் படம்.

வரைபடம் திரும்பிய கதை

ஒரு பிலிப்பைன்ஸ் பெண் ஏன் கொரியாவில் ஏழை நடனக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட வந்தார்? கதை இதை நீட்டி விளக்குவதில்லை. வரலாறு விளக்குகிறது.

1960-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் தனிநபர் வருமானம் தென்கொரியாவைவிட அதிகம். 1950-53 கொரியப் போரில் தென்கொரியாவைக் காக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பிய நாடு பிலிப்பைன்ஸ். அன்றைய கொரியா, மனிதர்களை ஏற்றுமதி செய்த நாடு. 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ எட்டாயிரம் கொரிய ஆண்கள் சுரங்கத் தொழிலாளர்களாகவும், பத்தாயிரத்துக்கும் அதிகமான கொரியப் பெண்கள் செவிலியர்களாகவும் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தை நம்பி ஊரில் அடுப்பெரிந்தது.

ஒரே தலைமுறையில் வரைபடம் திரும்பிவிட்டது. ஆலைகளும் ஏற்றுமதியும் கொரியாவைச் செல்வ நாடாக்கின. பிலிப்பைன்ஸோ மனித உழைப்பை வெளியே அனுப்புவதையே வளர்ச்சிப் பாதையாகக் கொண்டது. இன்று அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 முதல் 9 சதவீதம் வெளிநாடுகளில் வாழ்வோர் அனுப்பும் பணம்.

கொரியாவின் செழிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் வந்து சேரவில்லை. இளம்பெண்கள் கல்விக்கும் வேலைக்கும் நகரங்களுக்குச் சென்றார்கள். நிலத்தோடும் முதிய பெற்றோரோடும் கட்டுண்ட ஆண்கள் கிராமங்களில் தங்கிவிட்டார்கள். ஆண் குழந்தை மோகம் சிக்கலை மேலும் இறுக்கியது. 1990-இல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 116-க்கும் மேற்பட்ட ஆண் குழந்தைகள் பிறந்தனர். ‘கிராமத்து இளைஞருக்கு மணமுடித்து வைப்போம்’ என்று இயக்கமே நடந்தது. சில உள்ளாட்சி அமைப்புகள், வெளிநாட்டுப் பெண்ணை மணந்துவர மானியமும் கொடுத்தன. 2005-இல் கொரியாவில் நடந்த திருமணங்களில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேல் வெளிநாட்டவரோடு நடந்தவை. வேளாண்மை, மீன்பிடித் தொழில்களில் இருந்த ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்றில் ஒன்றுக்கும் அதிகமான திருமணங்கள் அத்தகையவை. மணப்பெண்கள் சீனாவிலிருந்து, வியட்நாமிலிருந்து, பிலிப்பைன்ஸிலிருந்து, கம்போடியாவிலிருந்து வந்தார்கள். நகரத்து ஏழைகளும் மாற்றுத்திறனாளிகளும், உள்ளூர்த் திருமணச் சந்தையில் ஒதுக்கப்பட்ட எல்லோரும் இந்த வழியைத்தான் நாடினர். வான்டுக்கின் தந்தையைப் போன்றோர் இந்த வரிசையில் நின்றவர்கள்.

தகவல் இல்லாத சந்தை

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர், பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே சீர்கெட்டுப் போகும் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்த சிந்தனை அது. மனிதத் திருமணத்தைப் பழைய காரோடு ஒப்பிடுவதா என்று வாசகர் முகம் சுளிக்கலாம். அப்படி ஒப்பிடும்படிதான் திருமணத் தரகு நிறுவனங்கள் நடந்துகொண்டன. ஒரு வாரப் பயணத்தில் பெண் பார்த்தல், நிச்சயம், திருமணம் எல்லாம் முடிந்தன. செலவை ஏற்றவர் ஆண். ஆகவே, தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையது என்று கருதப்பட்டது. அவருடைய உடல்நலம், வருமானம், கடந்த காலம் பற்றி அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டது தரகர் சொல்ல விரும்பியது மட்டுமே.

பிலிப்பைன்ஸ் அரசு 1990-லேயே இத்தகைய தரகைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிவிட்டது. தடைச் சட்டம் வறுமையைத் தடுக்குமா? தரகு வேறு வேறு வழிகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. கொரியா, தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 2008-இல் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டில், இத்தகைய குடும்பங்களுக்கு உதவும் ‘பன்முகப் பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்ட’மும் வந்தது.

ஆனாலும் 2010 ஜூலையில் பூசான் நகரில், வியட்நாமிலிருந்து வந்து ஒரு வாரமே ஆன இருபது வயது மணப்பெண், மனநோயாளியான கணவனால் கொல்லப்பட்டார். அவனுடைய நோய் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நாடே தலைகுனிந்தது. மணமக்களின் உடல்நலம், குற்றப் பின்னணி ஆகியவற்றை எழுத்தில் தெரிவிப்பது அதன் பிறகே தரகர்களின் கட்டாயக் கடமையானது. 2014-இல் கணவரின் வருமானம், மனைவியின் அடிப்படைக் கொரிய மொழியறிவு ஆகியவையும் விசாவுக்கு நிபந்தனைகளாயின. அகர்லாஃப் சொன்ன தீர்வுதான். ஒரு பெண்ணின் உயிர் போன பிறகு வந்தது.

இந்தப் பின்னணியில் வெளியான படம் ‘வான்டுகி’. அந்தத் தாய் ஏன் கைக்குழந்தையை விட்டுப் பிரிந்தார் என்ற கேள்வியை அது குற்றச்சாட்டாக மாற்றவில்லை என்பதைத்தான் அதன் பெரிய நாகரிகமாகக் கருதுகிறேன். தாயும் தந்தையும் சந்திக்கும்போது பழைய கணக்குகள் மேலெழும்புகின்றன. ஆனால், இருவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்க்கப் படம் இடம் தருகிறது. குற்றவாளிக் கூண்டில் இருவரில் ஒருவரை நிறுத்திவிட்டால் நம் வேலை எளிது. நடுவில் நின்று ஆதாயம் பார்த்த ஏற்பாடு தப்பித்துக்கொள்ளும்.

கைகள் மட்டும் போதும்

மணப்பெண்களாக வந்தவர்களுக்காவது கொரியா குடும்பம் என்ற ஒன்றைத் தந்தது. தொழிலாளர்களாக வந்தவர்களுக்கு அதையும் தரவில்லை. 1993-இல் ‘தொழிற்பயிற்சியாளர்’ என்ற பெயரில் வெளிநாட்டவரை ஆலைகளுக்குக் கொண்டுவந்தது கொரியா. பயிற்சியாளருக்குத் தொழிலாளர் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பலர் அங்கிருந்து ஓடி ஆவணமற்றவர்களானார்கள். எதிர்ப்புகளுக்குப் பிறகு 2004-இல் ‘வேலைவாய்ப்பு அனுமதி முறை’ வந்தது. தரகரை நீக்கி, அரசும் அரசும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை. முந்தையதைவிட நிச்சயமாக மேலானது. முதலில் கையெழுத்திட்ட நாடுகளில் பிலிப்பைன்ஸ் ஒன்று, இலங்கை இன்னொன்று. கொரிய மொழித் தேர்வுக்காக இலங்கை இளைஞர்கள் இரவு பகலாகப் படிப்பது அங்கே அன்றாடக் காட்சி.

இந்த முறையிலும் இரண்டு முடிச்சுகள் உள்ளன. ஒன்று, தொழிலாளி தன் விருப்பப்படி முதலாளியை மாற்ற முடியாது. குறிப்பிட்ட காரணங்களுக்காக, குறிப்பிட்ட தடவைகளே முடியும். இரண்டு, குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஒரே தொடர்ச்சியில் தங்கும் காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டு பத்து மாதங்கள். ஐந்து ஆண்டுகள் நிறைந்தால் நிரந்தரக் குடியுரிமை கேட்கும் தகுதி பிறந்துவிடுமோ என்ற அச்சத்தில் கழிக்கப்பட்ட இரண்டு மாதங்கள் அவை. அந்தச் சட்டம் கைகளைக் கேட்டது. கைகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு மனிதரும், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமும் இருப்பதை அது அறிய விரும்பவில்லை.

படத்தின் ஆசிரியர் டோங்-ஜு, இத்தகைய தொழிலாளர்களுக்குத் தேவாலயம் ஒன்றில் அடைக்கலம் தருகிறார். அவருடைய தந்தையே புலம்பெயர் தொழிலாளர்களை வேலை வாங்கும் ஆலை முதலாளி. இந்த வசதியான மகன் ஏன் மொட்டை மாடியில் குடியிருக்கிறார், ஏன் எப்போதும் சினத்தோடு திரிகிறார் என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. வான்டுக் தன் தாயைக் கண்டடைகிறான் என்றால், இந்த ஆசிரியர் தன் தந்தையைத் துறந்து வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொள்கிறார்.

யார் குத்து வாங்குகிறார்கள்?

தாயைப் பற்றி அறிந்த பிறகு வான்டுக்கின் மனக்கொந்தளிப்பு கிக்பாக்ஸிங் பயிற்சிக் கூடத்தில் போய்ச் சேர்கிறது. கையோடு காலும் பயன்படும் குத்துச்சண்டை அது. புலம்பெயர்ந்தோர் கதைகளில் குத்துச்சண்டை அடிக்கடி வருவதற்குத் திரைக்கதை வசதி மட்டும் காரணமன்று. அதற்கு ஒரு பொருளாதாரம் உண்டு.

1952-இல் கிர்சன் வைன்பர்க், ஹென்றி அரோண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதலில் ஐரிஷ் மக்கள் மேலோங்கியிருந்தனர். பிறகு யூதர்கள், பிறகு இத்தாலியர்கள், பிறகு கறுப்பின மக்கள். ஒவ்வொரு சமூகமும் நகரத்தின் அடித்தட்டில் இருந்தபோது வீரர்களைத் தந்தது. ஒரு படி மேலேறியதும் அந்த மேடையை அடுத்து வந்தவர்களுக்கு விட்டுச்சென்றது. குத்துச்சண்டை மேடையில் நிற்பது யார் என்று பார்த்தால், அந்தக் காலகட்டத்தில் அந்த நகரத்தின் கடைசிப் படியில் நிற்பது யார் என்று தெரிந்துவிடும். பட்டமோ பரிந்துரையோ முதலீடோ வேண்டாத தொழில் அது. உடம்பு ஒன்றே மூலதனம். அடி வாங்கும் ஆற்றலே கூலிக்கான தகுதி.

கொரியாவின் வரலாறும் இதற்குச் சான்று. 1966-இல் கிம் கி-சூ அந்நாட்டின் முதல் உலகச் சாம்பியனானார். 1977-இல் பனாமாவில் ஹாங் சூ-ஹ்வான் ஒரே போட்டியில் நான்கு முறை வீழ்ந்தும் எழுந்து வென்றார். 1982-இல் அமெரிக்காவில் ரே மான்சினியுடன் மோதிய கிம் டுக்-கூ, பட்ட அடிகளால் உயிரிழந்தார். எல்லாம் நாடு ஏழையாக இருந்து ஏறிக்கொண்டிருந்த காலத்து நிகழ்ச்சிகள். வளம் வந்த பிறகு கொரிய இளைஞர்கள் அந்த மேடையை விட்டு விலகினார்கள்; தொழில்முறைக் குத்துச்சண்டை மங்கியது.

காலியான மேடையில் பின்னர் யார் ஏறினார்கள் தெரியுமா? 2015-இல் கொரியாவில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டிக்கு வந்த காமரூன் நாட்டு ராணுவக் குத்துச்சண்டை வீரர் ஒருவர், திரும்பிச் செல்லாமல் தஞ்சம் கோரினார். கொரிய மக்கள் அவரை லீ ஹுக்-சான் என்ற கொரியப் பெயரால் அறிவார்கள். 2017-இல் அவர் கொரியத் தேசியப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் அவருக்கு அகதி என்ற ஏற்பும் கிடைத்தது. வைன்பர்க்கும் அரோண்டும் கண்ட வரிசை சியோலிலும் தொடர்கிறது.

ஆயினும், ‘வான்டுகி’ வெற்றிக் கோப்பைப் படம் அல்ல. பையன் சாம்பியனாவதில்லை, அடி வாங்கித் தோற்கிறான். அவனுக்கு அந்தக் கூடத்தில் கிடைப்பது வேறு. தெருவில் எந்த விதியும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு, அடிப்பதற்கும் ஒரு நேரம், ஓர் எல்லை, மணி அடித்தால் நிறுத்தும் கட்டுப்பாடு இருப்பது தெரிகிறது. எதிரில் நிற்பவன் பகைவன் அல்லன் என்பது தெரிகிறது. விழுந்தவனை எண்ணிக்கை முடிவதற்குள் எழச் சொல்லும் ஒரு குரல் இருக்கிறது. வாழ்க்கையில் அப்படிப்பட்ட குரல் பல பேருக்கு வாய்ப்பதில்லை.

நான் கேட்காத கேள்வி

இங்கே என் கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் வருகைப் பதிவு குறைந்த மாணவர் ஒருவர் இருந்தார். பெற்றோரை அழைத்து வந்தால்தான் வகுப்பில் உட்கார அனுமதி என்றேன். "சார், அம்மா வெளிநாட்டுல இருக்காங்க" என்றார். "அப்பா?" என்றேன். பதில் இல்லை. யாரையாவது அழைத்து வா என்று வெளியே அனுப்பினேன். மறுநாள் பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநரை மாமா என்று சொல்லி அழைத்து வந்தார். மாமா அல்லர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்தப் பருவத்தில் நான் நடத்திக்கொண்டிருந்தது தொழிலாளர் இடப்பெயர்வு. கூலி குறைந்த இடத்திலிருந்து கூலி நிறைந்த இடத்துக்கு உழைப்பு நகர்கிறது; அனுப்பப்படும் பணம் குடும்பத்தின் நுகர்வையும் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் உயர்த்துகிறது; இரு தரப்புக்கும் ஆதாயம். கரும்பலகையில் இரண்டு கோடுகள், நடுவில் நிழலிட்ட ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தவர், கடைசி வரிசையில் இருந்த அந்த மாணவர். அவருடைய தாய் எந்த நாட்டில், என்ன வேலையில் இருந்தார் என்றுகூட நான் கேட்கவில்லை.

அந்தப் பாடம் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். இடப்பெயர்வு கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து மீட்டிருக்கிறது. அதைத் தடுக்க நினைப்பது அநீதி. ஆனால், அந்தக் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. தாய் இல்லாமல் கழிந்த ஆண்டுகளுக்கு விலை குறிக்கும் வழி நமக்குத் தெரியாது. விலை குறிக்க முடியாததைப் பூஜ்யம் என்று எழுதிவிடும் பழக்கம் எங்கள் துறைக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

டோங்-ஜு நல்ல ஆசிரியருக்கான இலக்கணம் எதிலும் அடங்காதவர். வசைபாடுகிறார், மாணவனின் சோற்றைத் தின்கிறார். ஆனால், அந்தப் பையனின் வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நான் இதமாகப் பேசியவன், எனக்குத் தெரியாது.

படத்துக்குப் பிறகு

படத்தில் தாயாக நடித்த ஜாஸ்மின் லீ, பிலிப்பைன்ஸில் பிறந்து, கொரிய மாலுமி ஒருவரை மணந்து 1990-களில் அந்நாட்டுக்கு வந்து குடியுரிமை பெற்றவர். படம் வெளியான அடுத்த ஆண்டு, 2012-இல், விகிதாசாரப் பட்டியல் வழியாகக் கொரிய நாடாளுமன்ற உறுப்பினரானார். கொரிய இனத்தவர் அல்லாத, குடியேறி வந்த ஒருவர் அந்த அவையில் அமர்ந்தது அதுவே முதல்முறை. அவர் மீது இணையத்தில் கொட்டப்பட்ட இனவெறுப்பு வசைகள் கொஞ்சமல்ல. திரையில் அவருக்காகக் கண்ணீர் சிந்திய அதே சமூகம்தான், அவர் அதிகாரத்தின் அருகில் வந்தபோது முகம் மாறியது. இரக்கம் காட்டுவது எளிது. சம இருக்கை தருவது கடினம்.

மாற்றங்கள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொரியர்கள் அனைவரும் ஒரே குருதி என்ற பெருமிதத்தை மறுபரிசீலனை செய்யுமாறு ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2007-இல் அறிவுறுத்தியது. தோற்றத்தால் கலப்பினத்தவர் என்று தெரிபவர்களைக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கிவைத்த விதி 2011 முதல் நீங்கியது. வான்டுக் வயதுப் பையன்களுக்கு இது சிறிய செய்தியல்ல. அந்த நாட்டில் ராணுவ சேவை என்பது ஆண்மகன் குடிமகனாகும் வாயில். பன்முகப் பண்பாட்டுக் குடும்பங்களிலிருந்து பள்ளி செல்லும் மாணவர்கள் 2012-இல் சுமார் 47 ஆயிரம் பேர், 2023-இல் 1.81 லட்சம் பேர். மொத்த மாணவர் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. 2023-இல் கொரியாவின் கருவள விகிதம் 0.72; உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. யாரை வெளியார் என்று ஒதுக்கியதோ, அவர்களுடைய பிள்ளைகள் இல்லாமல் அந்த நாட்டின் வகுப்பறைகள் இனி நிரம்பா.

இதில் ஒரு முரணும் உண்டு. மரியாதையாக வைக்கப்பட்ட ‘பன்முகப் பண்பாடு’ என்ற சொல்லே இன்று பள்ளிகளில் கேலிப் பெயராகிவிட்டது. பெயரைச் சொல்லி அழைக்காமல், ‘ஏய், பன்முகம்’ என்று அழைக்கும் நிலையைப் பல பிள்ளைகள் எதிர்கொள்கிறார்கள். சட்டம் உதவி செய்யும்போதே முத்திரையும் குத்திவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு எந்த நாடும் இன்னும் முழுத் தீர்வு காணவில்லை.

படத்தின் மீதும் எனக்குக் குறைகள் உண்டு. தாயின் கடந்த காலத்துக்கு அது போதிய இடம் தரவில்லை. பிரிந்திருந்த ஆண்டுகளில் அவர் எங்கே எப்படி வாழ்ந்தார் என்பதை அவர் வாயால் நாம் கேட்பதே இல்லை. அவர் பொறுமையே உருவானவராக இருப்பதால்தான் பார்வையாளரின் அன்பைப் பெறுகிறார். கோபப்படும் புலம்பெயர்ந்த பெண்ணுக்கும் அதே அன்பு கிடைக்குமா? புலம்பெயர் தொழிலாளர்கள் பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார்கள். ஒரு நல்ல ஆசிரியர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலும் ஏமாற்றக்கூடியது. சட்டம் உருவாக்கிய பிரிவைத் தனிமனித நல்லெண்ணம் ஓரளவுதான் ஈடுசெய்யும். குடும்பத்தோடு வரும் உரிமை, முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை, கணவரின் தயவில்லாமல் நாட்டில் தங்கும் உரிமை ஆகிய மூன்றும் ஆசிரியர்களால் தரக்கூடியவை அல்ல. அரசுகள் தர வேண்டியவை.

எனினும், அந்தச் செருப்புக் கடைக் காட்சி என்னை விட்டு அகலவில்லை. மகன் தாய்க்கு வாங்கித் தருவது ஒரு சோடிக் காலணி. கடல் கடந்து, வீடு கடந்து, நகரம் நகரமாக நடந்து தேய்ந்த கால்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த கணக்குத் தீர்ப்பு அது. எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் அது பதிவாகாது.

இன்று நான் வகுப்பெடுப்பதில்லை. எடுத்தால், இடப்பெயர்வுப் பாடத்தைத் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒன்றைக் கேட்பேன்: உங்கள் வீட்டில் யார் வெளியூரில், எந்த நாட்டில் இருக்கிறார்கள்? அதன் பிறகுதான் கரும்பலகையின் பக்கம் திரும்புவேன்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)